ஹார்ன் ஸ்பீக்கர் சரியாக ஒலிக்கவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஹார்ன் ஸ்பீக்கர் (புனல் வடிவக் குழாய் வழியே ஒலியை வெளிவிடும் ஸ்பீக்கர்) கட்டியவர்கள் ஒலி சரியில்லை என்றதும் முதலில் பழி போடுவது ஹார்ன் மேல்தான். ஹார்ன் என்றால் அப்படித்தான் கத்தும் என்று யாராவது சொல்லிவைத்திருப்பார்கள். வீட்டில் கட்டிய அமைப்புகளில் பெரும்பாலும் கோளாறு ஹார்னுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. ஆம்ப்ளிஃபையரில் இருக்கும், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருக்கும், ஒலியை உண்டாக்கும் பாகங்களான டிரைவர்களுக்கு இடையிலான ஒலி அளவிலோ நேரத்திலோ இருக்கும். ஹார்ன் அதை ஒளிக்காமல் வெளியே காட்டிவிடுகிறது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்று 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 85 முதல் 90 டெசிபல் வரை ஒலிக்கும். ஹார்னில் பூட்டிய கம்ப்ரஷன் டிரைவர் அதே 1 வாட்டுக்கு 105 முதல் 110 டெசிபல் வரை ஒலிக்கும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் திறனில் 100 மடங்கு. வீட்டில் கேட்கும் அளவுக்கு அந்த டிரைவருக்குப் போவது வாட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். உங்கள் ஆம்ப்ளிஃபையர் 100 வாட் கொடுக்குமா என்பது இங்கே கேள்வியே இல்லை. முதல் மில்லிவாட்டில் அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆகவே தேடும் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் மின்சாரப் பகுதி, அடுத்து திருகும் தகடுமான இயந்திரப் பகுதி, பிறகு ஒலி அளவு, நேரம், அறை. அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் எல்லாவற்றுக்கும் கடைசி. கோளாறு எங்கே என்று தெரியுமுன் ஈக்வலைசரைத் தொட்டால், பிழையின் மேல் இன்னொரு பிழையைப் பூசி மறைத்ததாகத்தான் ஆகும். பிறகு இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தேவையான கருவிகள் சிலவே: ஒரு மல்டிமீட்டர், அளவுத்திருத்தக் கோப்புடன் வரும் அளவீட்டு மைக், மைக்கில் வரும் ஒலியை வரைபடமாக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி.

தொடங்குமுன் ஒரு பாதுகாப்பு

கம்ப்ரஷன் டிரைவரை நேரடியாக ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, டி.எஸ்.பி. (சிக்னலை டிஜிட்டலாகக் கையாளும் கருவி) கிராஸ்ஓவரை மட்டும் நம்பியிருப்பவர்கள் தொடரில் ஒரு கெபாசிட்டர் போட்டுவிட்டுத்தான் சோதனையில் இறங்க வேண்டும். டி.எஸ்.பி.யில் தவறான அமைப்பு ஏறிவிட்டாலோ, ஆம்ப்ளிஃபையர் இயங்கத் தொடங்கும்போது 'டப்' என்று அடித்தாலோ, அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய டயாஃப்ரம் ஒரே நொடியில் போய்விடும். 8 ஓம் டிரைவருக்கு 40 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே தணிக்கத் தொடங்கும். 80 மைக்ரோஃபாரட் என்றால் 250 ஹெர்ட்ஸ். கிராஸ்ஓவர் புள்ளிக்கு ஓர் ஆக்டேவாவது (அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு) கீழே இருக்கும்படி தேர்ந்தெடுத்தால் ஒலியில் குறுக்கீடு மிகக் குறைவு. 1,000 ஹெர்ட்ஸில் பிரிக்கிறவருக்கு 40 போதும்.

அடுத்து, எந்தக் கோளாறுக்கும் பொதுவான சோதனை ஒன்று. கோளாறு இடது பக்கம் மட்டும் இருக்கிறதா? சங்கிலியில் ஏதாவது ஓர் இடத்தில் இடது வலது வயர்களை மாற்றுங்கள். கோளாறு மறுபக்கம் தாவினால் காரணம் மாற்றிய இடத்துக்கு முன்னால் இருக்கிறது; அதே பக்கம் நின்றால் பின்னால். இப்படி ஒவ்வோர் இணைப்பாக நகர்ந்தால் சில நிமிடங்களில் ஒரே ஒரு பெட்டியோ வயரோ மிஞ்சும். புதுப் பாகம் வாங்கிப் போட்டுப் பார்ப்பதைவிட இது வேகமானது.

இசை இல்லாதபோதே 'உஸ்ஸ்' என்று இரைகிறது

ஹார்ன் அமைப்புகளில் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இது. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமில் 1 வாட் என்பது 2.83 வோல்ட். அதோடு ஒப்பிட்டால் 1 மில்லிவோல்ட் 69 டெசிபல் கீழே. 87 டெசிபல் ஸ்பீக்கரில் அது 1 மீட்டரில் 18 டெசிபலாக ஒலிக்கும். அறையின் அமைதியில் கரைந்துவிடும். 110 டெசிபல் டிரைவரில் அதே இரைச்சல் 41 டெசிபல். இரவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெளிவாகக் கேட்கும். இத்தனைக்கும் ஆம்ப்ளிஃபையர் பழுதானதே இல்லை.

இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு உள்ளீட்டு வயரைக் கழற்றி, நடு முனையையும் தரை முனையையும் இணைத்த ஒரு பிளக்கை அங்கே செருகுங்கள். மீண்டும் இயக்கினால் இரைச்சல் அப்படியே இருக்கிறதா? ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல்தான். அடங்கிவிட்டதா? முன்னால் இருக்கும் டி.எஸ்.பி. அல்லது முன்நிலை ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலை இது பெருக்கித் தருகிறது. 26 டெசிபல் பெருக்கம் என்றால் 20 மடங்கு. டி.எஸ்.பி. வெளியீட்டில் 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்தாலே டிரைவரில் 0.4 மில்லிவோல்ட் ஆகிவிடும்.

இங்கே பலரும் செய்வது, ஹார்ன் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று டி.எஸ்.பி.க்குள் அதன் அளவை 12 டெசிபல் குறைப்பது. இசை குறையும்; இரைச்சல் அசையாது. ஏனென்றால் இரைச்சல் பிறப்பது அந்தக் குறைப்புக்குப் பிறகு வரும் பகுதியில். குறைப்பை டிஜிட்டலுக்கு வெளியே கொண்டுவாருங்கள். டி.எஸ்.பி.க்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஒரு அட்டெனுவேட்டர் வைக்கலாம். ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சலையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமானால் டிரைவருக்கு முன்னால் எல்-பேட் (ஒலியைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) வைக்கலாம். 8 ஓம் டிரைவருக்கு 10 டெசிபல் குறைக்க, தொடரில் 5.6 ஓம், டிரைவருக்கு இணையாக 3.9 ஓம். 15 டெசிபலுக்கு 6.8, 1.8. 6 டெசிபலுக்கு 4, 8. இந்த மூன்றிலும் ஆம்ப்ளிஃபையர் பார்க்கும் சுமை ஏறத்தாழ 8 ஓமாகவே இருக்கும்.

என் வாக்கு எல்-பேடுக்குத்தான். திறனை வெப்பமாக்கி வீணடிக்கிறோமே என்று சிலர் தயங்குவார்கள். வீணாவது சில மில்லிவாட். அதற்குப் பதிலாகக் கிடைப்பது அமைதி. இன்னொரு நன்மையைக் கீழே ஒலி நிறம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

உறுமுகிறது, அல்லது 'ஜிர்ர்' என்கிறது

உறுமலையும் ரீங்காரத்தையும் பிரித்துக் கேளுங்கள். கீழ் ஒலிகளுக்கான ஊஃபரிலிருந்து வழவழப்பாக வரும் 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60) உறுமல் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அருகிலுள்ள வயரில் ஏறுவதாலோ, எர்த் இணைப்புகள் வளையமாகிவிட்டதாலோ வருவது. அதன் இரட்டிப்பான 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் வந்தால் மின்வழங்கியின் வடிகட்டும் கெபாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். ஹார்னிலிருந்தே கூர்மையாக 'ஜிர்ர்' என்று வருவது இவற்றின் உயர் மடங்குகள். எர்த் வளையங்களில் இது சகஜம்.

மூன்று வழி ஹார்ன் அமைப்பில் ஆறு ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கலாம். ஆறுக்கும் தனித்தனி மின்கம்பி, தனித்தனி சிக்னல் வயர். வளையம் உண்டாகாவிட்டால்தான் ஆச்சரியம். எல்லாவற்றையும் ஒரே மின்பலகையிலிருந்து இயக்குங்கள், சிக்னல் வயர்களைக் குறுக்குங்கள், சமன்படுத்திய இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் சிக்னல் பாதையில் ஓர் ஆடியோ தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர். பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உறுமல் நிற்கும், கருவியின் உலோக உடலில் மின்சாரம் ஏறும் நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது.

300பி, 2ஏ3 போன்ற வால்வுகளில் சூடாகும் இழையே எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடாக வேலை செய்கிறது. அதை மாறுமின்னோட்டத்தில் சூடாக்கினால் சில மில்லிவோல்ட் உறுமல் மிஞ்சுவது இயல்பு. சாதாரண ஸ்பீக்கரில் தெரியாத அது ஹார்னில் தெரியும். உறுமல் சரிசெய்யும் பொட்டென்ஷியோமீட்டரை மெல்லத் திருப்பிக் குறைந்தபட்சப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். போதவில்லை என்றால் இழைக்கு நேர்மின்னோட்டம் கொடுக்கும்படி மாற்ற வேண்டும். அந்தப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பின்னும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம்.

ஒரு பக்க ஹார்ன் ஊமை, அல்லது மெலிந்து ஒலிக்கிறது

வயரைக் கழற்றிவிட்டு டிரைவரின் முனைகளிலேயே மின்தடையை அளந்து பாருங்கள். 8 ஓம் என்று போட்டிருக்கும் டிரைவர் ஏறத்தாழ 5 முதல் 6.5 ஓம் காட்டும். 16 ஓம் டிரைவர் 9 முதல் 12. தொடர் கெபாசிட்டருக்கு வெளிப்புறம் அளந்தால் முடிவிலி காட்டும். டிரைவர் செத்துவிட்டது என்று அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மின்தடை சரியாக இருந்தும் ஒலி மெலிந்திருந்தால் டயாஃப்ரம் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். பழைய ஆல்னிகோ காந்த டிரைவர் என்றால், முன்பு யாரோ காந்தத்தைப் பிரித்தெடுத்ததில் காந்தத்திறன் குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதை மீண்டும் காந்தமேற்றும் வசதி உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

சில சுரங்களில் மட்டும் கரகரப்பு

சைன் அலையைக் குறைந்த ஒலியில், கிராஸ்ஓவர் புள்ளியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். கரகரப்பு வரும் அதிர்வெண்ணில் நிறுத்திவிட்டு அறையைச் சுற்றிக் கையால் தொட்டு வாருங்கள்: ஹார்னின் திருகுகள், பெட்டியின் பின்பலகை, மேலே வைத்த பொருள், ஜன்னல் கண்ணாடி. டிரைவர் என்று நினைத்தது அலமாரிக் கதவாக இருப்பது அபூர்வமே இல்லை.

கை வைத்தும் எதுவும் மாறவில்லை என்றால் டிரைவருக்குள்தான். டயாஃப்ரத்தை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நகரும் இடைவெளியில் தூசியோ இரும்புத்துகளோ புகுந்திருக்கும், அல்லது டயாஃப்ரம் மையம் விலகியிருக்கும். இரும்பு வேலை நடக்காத மேசையில் துணி விரித்து டிரைவரைத் திறந்து பாருங்கள். காந்தம் கண்ணுக்குத் தெரியாத துகளையும் இழுத்துக்கொள்ளும். மறைப்பு நாடாவை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, இடைவெளி முழுவதும் செருகி எடுங்கள். நாடா சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். டயாஃப்ரமைத் திரும்பப் பூட்டும்போது எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வழிகாட்டி ஊசிகள் இல்லாத வகையில் மெல்லிய சைன் ஒலியை ஓடவிட்டுக்கொண்டே இறுக்கினால், உரசல் வரும் கணம் காதுக்குத் தெரியும். ஹார்ன் இல்லாமல் டிரைவரை ஓட்டும்போது டயாஃப்ரத்துக்கு எதிரே காற்றின் சுமை இருக்காது. கீழ் அதிர்வெண்ணில் அது எல்லை மீறி ஆடும். ஆகவே கிராஸ்ஓவர் புள்ளிக்கு மேலே, மிகக் குறைந்த ஒலியில் மட்டும்.

குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல் ஒலிக்கிறது

ஹார்னுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இந்த அறிகுறிதான். குரல், அதிலும் ஆண் குரல், மூக்கடைத்தது போல் வரும். காரணங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதல் சந்தேகம் கிராஸ்ஓவர் புள்ளி. ஒவ்வொரு ஹார்னுக்கும் கீழே ஒரு வெட்டு அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே அது ஹார்னாக வேலை செய்வதில்லை. அடுக்குவீதத்தில் விரியும் எக்ஸ்பொனென்ஷியல் வகையில் பொதுவாக வாயின் சுற்றளவு வெட்டு அதிர்வெண்ணின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்கும்படி அமைப்பார்கள். 300 ஹெர்ட்ஸின் அலைநீளம் 1.15 மீட்டர், வாயின் விட்டம் 36 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வெட்டு அதிர்வெண்ணுக்கு அருகில் வாயிலிருந்து அலை திரும்பி உள்ளே ஓடும். ஒலி அளவு மேடும் பள்ளமுமாகிவிடும். அந்த 300 ஹெர்ட்ஸ் ஹார்னை 350இல் பிரித்துவிட்டு மூக்கடைப்பைப் பற்றிக் குறைப்பட்டால் என்ன செய்வது? 450க்குக் கீழே இறக்காதீர்கள். 600 இருந்தால் நிம்மதி. சோதனைக்காகக் கிராஸ்ஓவரை அரை ஆக்டேவ் மேலே தூக்கிவிட்டு, பேச்சுப் பதிவு ஒன்றைக் கேளுங்கள். மூக்கடைப்பு விலகினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

விலகவில்லை என்றால் டிரைவர் பூட்டும் குறுகிய முனையான தொண்டைக்கு வாருங்கள். டிரைவரின் வாய் 1 அங்குலம், 1.4 அங்குலம், 2 அங்குலம் என்று பல அளவுகளில் வரும். ஹார்னின் தொண்டை அதோடு சரியாகப் பொருந்தாமல் ஒரு மில்லிமீட்டர் படி நின்றாலும் மேல் அதிர்வெண்கள் அங்கே முட்டித் திரும்பும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் படி தெரியும். மரத்தூள் பசையாலோ எபாக்ஸி மக்காலோ சரித்து வழவழப்பாக்குங்கள். டிரைவருக்கும் ஹார்னுக்கும் நடுவே கேஸ்கட் இருக்கிறதா, அது தொண்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து வாயின் விளிம்பு. திடீரென்று முடியும் கூர்விளிம்பிலிருந்து அலை சிதறும். விளிம்பைச் சுற்றித் தடித்த கம்பளித் துணியைத் தற்காலிகமாகச் சுற்றிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் விளிம்புக்கு வளைவு கொடுப்பது பலன் தரும். தெரியாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடலாம்.

உலோகச் சுவரின் அதிர்வு பற்றி நிறையப் பேசப்படுகிறது. மெல்லிய தகட்டு ஹார்னை விரலால் சுண்டினால் மணி போல் ஒலிக்கும். கார் கதவுகளில் ஒட்டும் பிட்டுமன் தாளை வெளிப்புறம் ஒட்டினால் அடங்கும். அங்கே அது தேவை. 25 மில்லிமீட்டர் மரத்தில் செய்த ஹார்னுக்கும் அதையே ஒட்டுவது மனத்திருப்திக்கு மட்டும்தான்.

பலர் கவனிக்காமல் விடும் காரணம் ஒன்று ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. பின்னூட்டம் இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு 3 ஓம் வரை இருக்கலாம். ஹார்னில் பூட்டிய டிரைவரின் மின்மறுப்போ ஓரிடத்தில் 8 ஓம், இன்னோர் இடத்தில் 30 ஓம் என்று ஏறி இறங்கும். கணக்குப் போட்டால் அந்த மேடுகளில் ஒலி ஏறத்தாழ 2 டெசிபல் உயரும். குரலின் நடுப்பகுதியில் 2 டெசிபல் மேடு என்றால் அதுவே மூக்கடைப்பு. 15 டெசிபல் எல்-பேடில் இருக்கும் இணை ரெசிஸ்டர் இந்த மேட்டை ஏறத்தாழ பாதியாக்கிவிடும் என்பதே முன்பு சொன்ன இரண்டாவது நன்மை; குறைப்பு சிறிதானால் இந்தப் பலன் இருக்காது. வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி, வெளியீட்டு மின்மறுப்பு குறைந்த ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரைச் சிறிது நேரம் மாட்டிக் கேட்டால் இதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் கரடுமுரடு, ஹார்னுக்குள் குறுக்காக ஓடும் அலைகளால் இருக்கலாம். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஏர்ல் கெடிஸ் இவற்றைக் குறைக்க ஹார்னுக்குள் திறந்த துளைகள் கொண்ட நுரையை நிரப்பும் முறையைக் கையாண்டார். மேல் அதிர்வெண்கள் சிறிது தணியும், ஒலி மென்மையாகும். கழற்றி எடுத்துவிடக்கூடிய மாற்றம் என்பதால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

ஒரு மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது

பெரும்பாலும் ஹார்னின் அளவு ஊஃபரைவிட இரண்டு மூன்று டெசிபல் தூக்கலாக இருக்கும். வாங்கிய புதிதில் அது துல்லியம் போலத் தோன்றி மயக்கும். உட்காரும் இடத்தில் அளக்கும்போது வரைபடம் தட்டையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நல்ல அறையில் அது பாஸிலிருந்து மேல்நோக்கி மெல்லச் சரிவதே இயல்பு. ஒரு டெசிபல் குறையுங்கள், சில நாள் கேளுங்கள், பிறகு இன்னும் அரை டெசிபல். உடனே வேறொன்றை மாற்றிவிட்டால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

மேல் பகுதி மங்கலாக இருக்கிறது

முதலில் ஹார்ன் எந்த வகை என்று பாருங்கள். கம்ப்ரஷன் டிரைவரின் டயாஃப்ரத்துக்கு எடை உண்டு. ஏறத்தாழ 3,000 அல்லது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலித்திறன் ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் இயல்பாகவே இறங்கும். பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஹார்ன் மேலே போகப்போக ஒலியைக் குறுகிய கற்றையாக்குவதால், நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு இந்த இறக்கம் தெரியாது. சற்றுத் தள்ளி உட்கார்ந்தவருக்கு மங்கல். 1970களில் எலெக்ட்ரோ-வாய்ஸில் டான் கீல் வடிவமைத்த வகையைச் சேர்ந்த, எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கோணத்தில் பரப்பும் ஹார்ன்களில் எல்லோருக்கும் ஒரே ஒலி. ஆனால் இறக்கமும் எல்லோருக்கும் உண்டு. அதற்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும். ஹார்ன் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

டி.எஸ்.பி. இருந்தால் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாக ஏறும் வடிகட்டி ஒன்று போதும். இல்லாதவர்கள் மேலே சொன்ன 10 டெசிபல் எல்-பேடில், 5.6 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 8 முதல் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் 3,000 ஹெர்ட்ஸிலிருந்து ஒலி ஏறத் தொடங்கும். உச்ச அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபையர் பார்க்கும் சுமை 3 ஓமுக்குக் கீழே இறங்குகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்; சில வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்கு அது பிடிக்காது.

இதைச் செய்யாமல் உச்ச அதிர்வெண்ணுக்கென்று தனியாக ஒரு சூப்பர் ட்வீட்டர் வாங்க ஓடாதீர்கள். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர். ட்வீட்டரை விரலளவு முன்பின் நகர்த்தினாலும் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பெரிய 2 அங்குல டிரைவர்களில் கடைசி ஆக்டேவ் உண்மையிலேயே வலுவிழந்திருக்கும்; அங்கே மட்டும் அந்தத் தலைவலிக்குப் பொருள் உண்டு.

தாளமும் நாதமும் ஒட்டாமல் பிரிந்து கேட்கிறது

இதற்கு நான் பயன்படுத்தும் சோதனைப் பதிவு மிருதங்கம். தொப்பியின் ஆழ்ந்த ஒலி ஊஃபரிலிருந்தும், வலந்தலையின் கூர்மை ஹார்னிலிருந்தும் வருகிறது. இரண்டு கைகளும் சேர்ந்து விழும் அடியில் அவை ஒரே கருவியாகக் கேட்க வேண்டும். தோல் ஓரிடத்திலும் விரல் ஓரிடத்திலும் இருப்பது போல் கேட்டால் கிராஸ்ஓவரில் நேரமோ பிளஸ்-மைனஸ் முனையோ தவறியிருக்கிறது.

காற்றில் ஒலி 1 மில்லிவினாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஹார்னின் வாயை ஊஃபரின் முகத்தோடு சமமாக வைத்தால், டிரைவர் 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும், ஏறத்தாழ 1.75 மில்லிவினாடி தாமதம். 600 ஹெர்ட்ஸில் அது ஓர் அலையைவிட அதிகம். மடித்த பாஸ் ஹார்ன் என்றால் நிலைமை தலைகீழ்: 2 அல்லது 3 மீட்டர் பாதையைச் சுற்றிவரும் பாஸ்தான் 6 முதல் 9 மில்லிவினாடி பிந்தும். சினிமாக்காரர்கள் இதை முன்பே அனுபவித்துவிட்டார்கள். 1930களில் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில், காலணி தட்டி ஆடும் நடனத்தின் ஒவ்வொரு தட்டும் இரட்டையாகக் கேட்டதும், நீண்ட பாஸ் ஹார்னின் பாதையைக் குறுக்கி ஷீரர் ஹார்னை உருவாக்கியதும் பழைய கதை.

முதலில் முனைகள். ஊஃபரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் வைத்தால் கூம்பு வெளியே வர வேண்டும். பழைய ஜே.பி.எல். டிரைவர்களில் இது நேரெதிர். கருப்பு முனையில் பிளஸ் வைத்தால்தான் வெளியே வரும். வெவ்வேறு காலத்து டிரைவர்களைக் கலந்து கட்டுகிறவர்கள் இதில் மாட்டுவது வழக்கம். கம்ப்ரஷன் டிரைவரில் பேட்டரி வைக்காதீர்கள். அதன் முனையை அளவீட்டில் வரும் முதல் துடிப்பின் திசையைப் பார்த்து அறியலாம்.

பிறகு தாமதம். முன்னால் வந்து சேரும் டிரைவருக்குத்தான் தாமதம் கொடுக்க வேண்டும். மைக்கை 2 மீட்டர் தொலைவில் வைத்து, மென்பொருளில் நேரக் குறிப்பை இயக்கி, இரண்டின் வருகையையும் அளந்து வித்தியாசத்தை டி.எஸ்.பி.யில் இடுங்கள். டி.எஸ்.பி. இல்லாதவர்கள் ஹார்னையே முன்னால் தள்ள வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, கேட்க நன்றாக இருக்கும். சரிபார்க்க, ஹார்னின் முனைகளை வேண்டுமென்றே மாற்றிவிட்டு இரண்டையும் சேர்த்து அளந்து பாருங்கள். ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் வெட்டும் லிங்க்விட்ஸ்-ரைலி வகைக் கிராஸ்ஓவர் என்றால் பிரியும் புள்ளியில் செங்குத்தான ஆழ்ந்த பள்ளம் விழ வேண்டும். 20 டெசிபலுக்கு மேல் ஆழமாக, இரு பக்கமும் ஒத்த வடிவில் இருந்தால் நேரம் பொருந்திவிட்டது. முனைகளைப் பழையபடி திருப்ப மறக்காதீர்கள்.

பாஸ் இல்லை, அல்லது ஒரே சுரத்தில் முட்டுகிறது

40 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.6 மீட்டர். திறந்த வெளியில் அதற்கான ஹார்ன் வாய் ஏறத்தாழ 6 சதுர மீட்டர் வேண்டும். அறையின் மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு போதும். 1940களில் அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் மூலை ஹார்னைக் காப்புரிமை பெற்றதன் அடிப்படை இதுதான். அங்கே சுவர்களே ஹார்னின் கடைசிப் பகுதி. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டாலோ, மூலைக்கு அருகில் கதவு இருந்தாலோ பாஸ் கசிந்துவிடும். நுரைப்பட்டை வைத்து அடையுங்கள்.

எந்த வகைப் பெட்டியானாலும் 40 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஈரக் கையை இணைப்புகளின் மேல் ஓட்டினால் காற்றுக் கசிவு சில்லென்று தெரியும். இரண்டு ஊஃபர்களில் ஒன்றின் வயர் மாறியிருந்தாலும் பாஸ் காணாமல் போகும். ஒரு பக்க வயரை மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

முட்டுவதற்குக் காரணம் அறை. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் தங்கி முழங்கும். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்த ஊஃபரில் 86 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்திப் பார்ப்பதுதான் முதல் மருந்து.

குரல் நடுவில் நிற்பதில்லை

இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளந்து, 1 டெசிபலுக்குள் ஒத்திருக்கிறதா பாருங்கள். ஒத்திருந்தால் ஹார்ன்களை உள்நோக்கித் திருப்பி, இரண்டின் அச்சுகளும் உங்கள் முகத்துக்குச் சற்று முன்னாலேயே வெட்டும்படி வையுங்கள். பக்கச் சுவருக்குப் போகும் ஒலியும் குறையும், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுக்குரல் ஓரளவு நடுவிலேயே கேட்கும். பல வழி ஹார்ன் அமைப்புக்கு மிக அருகில் உட்கார்ந்தால் டிரைவர்கள் தனித்தனியே கேட்கும். குறைந்தது 3 மீட்டராவது தள்ளிப் போங்கள்.

இப்போது ஈக்வலைசர்

உட்காரும் இடத்தைச் சுற்றிப் பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுத்த பின்பே தொடுங்கள். மேடுகளை அகலமாக, சிறிதாக வெட்டுங்கள். பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள். ஒன்றையொன்று அழிக்கும் அலைகளுக்கு எவ்வளவு திறன் கொட்டினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், ஊஃபர்தான் திணறும். ஹார்னின் பகுதியில் 1 மீட்டர் தொலைவில் எதிரொலியை வெட்டிவிட்டு அளந்த வரைபடத்தை நம்புங்கள். பாஸ் பகுதியில் மட்டும் அறையின் அளவீட்டை. டி.எஸ்.பி.யில் புது அமைப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபையர்களை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில், இயக்கும்போது அது கடைசியில்.